ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி) கேட்குமா கேட்காதா என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும் என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நான் லேப்பில் வேலை பார்க்கிறவள், அந்த எண்கள் தினமும் என் கை வழியாகத்தான் போகின்றன. கட்டுரை சொன்னதில் பாதி உண்மை. விட்டுப்போன மீதிப் பாதியால் யாராவது சிகிச்சையை இழந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

உண்மையான பாதி இதுதான். ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுக்களுக்குக் கீழே டிஃபரன்ஷியல் கவுண்ட், அதாவது ஒவ்வொரு வகை வெள்ளணுவின் பங்கு, சதவீதத்தில் வரும். நியூட்ரோஃபில் 78, லிம்போசைட் 14 என்றால் வகுத்துப் பார்த்தால் 5.6 கிடைக்கும், அதுதான் நீங்கள் எழுதிய என்.எல்.ஆர், நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம். இம்யூனோதெரபி மருந்து கட்டியைத் தானாகக் கொல்வதில்லை, டி செல்கள் என்ற லிம்போசைட்டுகள் மேல் விழுந்திருக்கும் தடையை விலக்கிவிடுகிறது, சண்டை போட வேண்டியது அந்தச் செல்கள்தான். உடம்பில் அழற்சி மிகுந்து நியூட்ரோஃபில்கள் பெருகினால் அவை டி செல்களை அடக்கிவிடும். அதனால் விகிதம் ஏறியிருப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி ஏறுவதும் ரத்தப் புரதமான ஆல்புமின் இறங்குவதும்கூட இதே பக்கம்தான் கை காட்டுகின்றன.

2018இல் பாரிஸ் அருகே இருக்கும் குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் 'லிப்பி' என்று ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். நியூட்ரோஃபிலை, அது நீங்கலான மற்ற வெள்ளணுக்களால் வகுத்தால் 3க்கு மேல் வருகிறதா, செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் எல்.டி.எச் என்ற நொதி இயல்பு வரம்பைத் தாண்டியிருக்கிறதா, இந்த இரண்டே கேள்விகள். அவர்கள் முதலில் பார்த்த நோயாளிகளில் இரண்டும் சரியாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 34 மாதம், இரண்டும் மோசமாக இருந்தவர்களுக்கு 3 மாதம். கீமோ மட்டும் எடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை, அதனால் இது இம்யூனோதெரபிக்கே உரிய அடையாளம் என்று பலரும் நம்பினார்கள்.

உங்கள் கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வருடமே அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ ஆட்கள் 11 ஆய்வுகளிலிருந்து கிட்டத்தட்ட 4,000 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கீமோ எடுத்தவர்களையும் இலக்கு மருந்து (குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்து) சாப்பிட்டவர்களையும்கூட அதே லிப்பி அப்படியே பிரித்துக் காட்டியது. அப்படியானால் அந்த எண் சொல்வது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைத்தான், எந்த மருந்து கேட்கும் என்பதை அல்ல. எண் மோசமாக இருப்பவருக்குக் கீமோவும் கஷ்டம்தான், அவருக்கு இம்யூனோதெரபியை மட்டும் மறுக்க அதில் காரணம் இல்லை.

இன்னொரு விஷயம், இதை லேப்பில் நிற்கிறவர்கள்தான் கண்ணால் பார்ப்போம். அப்பாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து, "மேடம், இது 3ஐத் தாண்டிடுச்சே, அப்ப ஊசி வேண்டாமா?" என்று கேட்டார். விசாரித்தால் முந்தின ராத்திரி அந்த அப்பாவுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் மேலே போகும், லிம்போசைட் கீழே வரும். நிமோனியா வந்தாலும் இதே நிலைதான், டி.பி இருந்தாலும் விகிதம் ஏறலாம். சளி பிடித்த வாரம் எடுத்த ரத்தத்தையும் சளி விட்ட பிறகு எடுத்த ரத்தத்தையும் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள் மாதிரி இருக்கும். இதில் எந்த எண்ணுக்கு மேல் போனால் மோசம் என்ற எல்லைகூட ஒன்றில்லை, ஒரு ஆய்வில் 3, இன்னொன்றில் 5.

இந்தப் பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. சில நூறு ரூபாயில் எந்த ஊரிலும் எடுத்துவிடலாம், ஒரு தடவை வந்த எண்ணைவிடச் சிகிச்சை போகப்போக அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் டாக்டருக்கு உதவும். ஆனால் எந்த மருந்து என்ற முடிவுக்கு பயாப்ஸியில் (கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில்) பி.டி.எல்-1 என்ற புரதம் எவ்வளவு, ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மரபணு மாற்றம் இருக்கிறதா என்பதெல்லாம் முதலில் வேண்டும். அந்தப் பெயர்களே உங்கள் கட்டுரையில் இல்லையே! லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை இது, நகையை அடகு வைத்துவிட்டு வரும் குடும்பங்கள் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்வது இயல்பு, அதனால்தான் அரைத் தகவல் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் மீதியையும் போடுங்கள். ரத்தம் கொடுக்கும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறோம், காய்ச்சல் இருந்ததா என்று சொல்ல வேண்டும், பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், திருச்சி