ரிப் பின்னலும் அந்த 25 கண்ணிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உல்லன் நூல் பின்னத் தொடங்குவோருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த எளிய ரிப் பின்னல், அதாவது நெடுக்குக் கோடுகள் விழும் பின்னல், பற்றிய குறிப்பைப் படித்தேன். மார்கழிக் குளிருக்குள் ஒரு மஃப்ளராவது பின்னிவிட வேண்டும் என்ற ஆசையைத் தூண்டும் நல்ல முயற்சி அது. ஆனால் ஊசியில் 25 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றி, எல்லா வரிசைகளையும் ‘ஒரு நிட், ஒரு பர்ல்’ (பின்னலின் இரு அடிப்படைக் கண்ணி வகைகள்) என்றே தொடங்கிப் பின்ன வேண்டும் என்று அதில் அச்சாகியிருக்கிறது. இதை அப்படியே பின்பற்றுகிறவருக்கு ரிப் வராது. மாஸ் பின்னல் எனப்படும், பொடிப்பொடி மேடுகள் நிறைந்த வேறொரு துணிதான் வரும்.

நிட் பின்னிய கண்ணியை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அது பர்ல். ஒற்றைப்படையில் கண்ணிகள் ஏற்றினால் முதல் வரிசை நிட்டில் தொடங்கி நிட்டிலேயே முடிகிறது. ஊசியைத் திருப்பிப் பிடித்ததும் அந்தக் கடைசிக் கண்ணி நம் பக்கம் பர்லாகத் தெரிய, அதன் மேல் மறுபடியும் நிட் விழுவதால், நெடுக்காக ஓட வேண்டிய கோடுகள் ஒவ்வொரு வரிசையிலும் உடைந்துபோகின்றன. 24 கண்ணிகள் ஏற்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 25தான் வேண்டும் என்றால், இரண்டாவது, நான்காவது எனத் திரும்பி வரும் வரிசைகளைப் பர்லில் தொடங்க வேண்டும்.

அச்சுப் பிழை எந்த நாளிதழிலும் நேரக்கூடியதுதான். ஆயினும், புதிதாக ஊசி பிடிப்பவர் குறிப்பில் பிழை இருக்கும் என்று நினைக்கமாட்டார். தமக்குக் கைவரவில்லை என்று எண்ணி ஊசியை வைத்துவிடுவார். ஆகவே எண்களைத் திருத்துவதோடு நிறுத்தாமல், ஊசியில் இருக்கும் கண்ணியைப் பார்த்து அடையாளம் காணவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நிட் கண்ணிகள் ஒன்றன் மேல் ஒன்றாக அமையும்போது சடை பின்னியதுபோல் தெரியும். பர்ல் கண்ணியின் கழுத்தடியில் குறுக்காக ஒரு சிறு மேடு இருக்கும். சடையாகத் தெரிவதை நிட்டாகவும், மேடு தெரிவதைப் பர்லாகவும் பின்னிக்கொண்டே போனால், எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டாலும் ரிப் தவறாது.

குறிப்பில் விடுபட்டுப்போன இன்னொரு செய்தி நூலின் இடம். நிட் பின்னும்போது நூல் ஊசிக்குப் பின்னாலும், பர்ல் பின்னும்போது முன்னாலும் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிமுனைகளுக்கும் இடையே கொண்டுபோகாமல் ஊசியின் மேலாகச் சுற்றிக் கொண்டுபோனால், அங்கே கூடுதலாக ஒரு கண்ணி பிறந்து, அடுத்த வரிசையில் ஓட்டையாக நிற்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணிவிடுவது நல்லது. ஒரே ஒரு கண்ணி மட்டும் நிட்டுக்குப் பதில் பர்லாகிவிட்டதென்றால் எல்லாவற்றையும் அவிழ்க்கத் தேவையில்லை. அந்தக் கண்ணி நிற்கும் தூணை, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் கண்ணிகளை, மட்டும் பிழை உள்ள இடம் வரை இறக்கி, கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலைக்கு ஒன்றுக்கு ஒன்று ரிப்பைவிட இரண்டுக்கு இரண்டு ரிப்பே ஏற்றது என்பது என் கருத்து. தூண்கள் அகலமாக இருப்பதால் கண்ணுக்கு உடனே பிடிபடும். நூலை முன்னும் பின்னும் மாற்றும் வேலையும் பாதியாகக் குறையும். நடுத்தரப் பருமனுள்ள நூலும் 4 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொண்டு 42 கண்ணிகள் ஏற்றலாம். நான்கின் மடங்கோடு இரண்டைக் கூட்டிய எண் இது. இரு ஓரங்களும் ஒன்றுபோல் அமையும். முதல் வரிசையை இரண்டு நிட்டில் தொடங்கி, இரண்டு பர்ல், இரண்டு நிட் என்று மாற்றி மாற்றிப் பின்னி இரண்டு நிட்டில் முடிக்க வேண்டும். திரும்பும் வரிசை இரண்டு பர்லில் தொடங்கி இரண்டு பர்லில் முடியும். இவ்விரண்டு வரிசைகளே மஃப்ளரின் நீளம் முழுவதும்.

முன்பக்கம் முழுவதும் நிட்டாகவே தெரியும் துணியின் பக்க ஓரங்கள் பின்புறமாகச் சுருளும். ரிப்பில் நிட் தூண்கள் முன்னே எழும்ப, பர்ல் தூண்கள் பின்னே ஒதுங்குவதால் துணி சுருளாமல் குறுக்குவாட்டில் ஒடுங்கி நிற்கிறது. இழுத்தால் விரிந்து, விட்டால் திரும்புகிறது. ஸ்வெட்டரின் மணிக்கட்டிலும் இடுப்பிலும், காலுறையின் மேல்விளிம்பிலும் ரிப் வைப்பது இதனால்தான். திருப்பூர் டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டிக்கும் இதே காரணம்தான். பருத்திக்கு மீளும் தன்மை குறைவென்பதால் அங்கே லைக்ரா என்ற மீள் இழையையும் சேர்ப்பதுண்டு. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். ஆனால் அதில் ரிப் பின்னுவதற்கான இணைப்புக் கருவிக்கு ஜெடிடையா ஸ்ட்ரட் காப்புரிமை பெற்றது 1750-களின் இறுதியில்தான். இரண்டு ஊசிகளால் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடக்கூடிய வேலை இயந்திரத்துக்குக் கைவர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பதைத் தொடக்கநிலையாளர்களுக்குச் சொன்னால் மகிழ்வார்கள்.

முடிக்கும் வரிசையிலும் நிட் மேல் நிட், பர்ல் மேல் பர்ல் என்றே, சற்றுத் தளர்வாகக் கண்ணிகளை அவிழாதபடி அடைக்க வேண்டும். இறுக்கி அடைத்தால் ரிப்பின் நெகிழ்ச்சி அந்த ஓரத்தில் செத்துவிடும். பின்னி முடித்த ரிப்பின் மேல், அதுவும் அக்ரிலிக் நூலாக இருந்தால், சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்கவே கூடாது.

இணைப்பின் அடுத்த இதழிலேயே திருத்தத்தையும், ரிப், மாஸ் ஆகிய இரண்டின் நெருக்கமான படங்களையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 25 கண்ணிகளோடு ஏற்கெனவே பாதி மஃப்ளர் பின்னிவிட்டவர்கள் அதை அவிழ்க்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாஸ் பின்னலின் ஓரமும் சுருளாது, கழுத்துக்கு இதமாகவும் இருக்கும். தொப்பியின் விளிம்புக்கும் ஸ்வெட்டரின் மணிக்கட்டுக்கும் மட்டும் அது உதவாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி.