கோடை நேரம் வேண்டாம், சாந்தி

அன்பின் சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசிக்கப் பெரிய சந்தோஷம். முழங்கால் வலிக்கு வைத்தியரிடம் காட்டினாயா? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மணிக்கூட்டை மாற்றி மாற்றி அலுத்துப்போய்விட்டது, கனடாவில் உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், கோடையில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைக்கிற அந்தக் கோடை நேரத்தையே வருஷம் முழுக்க வைத்தால் நிம்மதி என்று எழுதியிருந்தாய். 2020இல் அதற்குச் சட்டமும் நிறைவேற்றிவிட்டு, பக்கத்துக் கியூபெக்கும் நியூயோர்க்கும் அதற்கு ஒத்துவரட்டும் என்று காத்திருக்கிறார்களாம். மாற்றுவதை நிறுத்தட்டும், நல்லது. ஆனால் கோடை நேரத்தில் நிறுத்தவேண்டாம்.

நீ போனபிறகு நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். 1996 மே மாதம், மழையில்லாமல் நீர்மின்சாரம் குறைந்தபோது, இலங்கை அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே கிடந்தது. தை மாதத்தில் சூரியன் எழும்ப ஏழு மணியாகும், பள்ளிக்கூடமோ ஏழரைக்கு. சின்னவளுக்கு லாம்பு வெளிச்சத்தில் தலை பின்னி, ஆறேகாலுக்கு ரோச் லைற்றோடு சந்திவரை கூட்டிப்போவேன். பின்னேரம் மிச்சம் பிடித்த கரண்ட் விடியப்புறத்திலேயே போய்விடும். அந்தக் காலத்து வவுனியாவில் இருட்டோடு பிள்ளையை வெளியே அனுப்புவது எப்படியென்று உனக்குத் தெரியும்.

வன்னியில் தங்கள் கட்டுப்பாட்டிலிருந்த பகுதியில் புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் புலிகளின் பக்கம் போனால் நேரம் அரை மணித்தியாலம் பின்னுக்கு. கிளிநொச்சியில் ஒரு கலியாணமென்றால், முகூர்த்தம் புது நேரமோ பழைய நேரமோ என்று கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். ஒரே சனம், ஒரே வெயில், இரண்டு நேரம். அது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

அமெரிக்காவிலும் எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது, 1974 ஜனவரியில் கோடை நேரத்தை முழு வருஷத்துக்கும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று தாய் தகப்பன்மார் கொதித்தெழ, அந்த ஒக்டோபரிலேயே கைவிட்டார்கள். ரொறன்ரோவில் இப்போதே ஜனவரி விடிய ஏழே முக்கால் தாண்டுகிறது. கோடை நேரமென்றால் எட்டே முக்காலுக்கும் விடியாது. அந்தக் குளிரில், அந்த இருட்டில் பேத்தி பஸ்ஸுக்கு நிற்பதை யோசித்துப் பார். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுது, மகளையும் எழுதச் சொல்.

நவம்பரில் நேரம் மாறியதும் நமக்குள் பத்தரை மணித்தியாலம். காலை எட்டுக்கு எடு, இங்கே பின்னேரம் ஆறரை, வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ராணி