பிரஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லையா? இங்கே இங்கிலாந்தில் குளிர்காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் நான் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, மழையும் விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் முதியவர்கள் வார்டில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பேசும் இங்கிலீஷ் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, இப்போது தேவலை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஐடிஐயை விட்டுவிட்டு ஃபுட்பால் ஆடத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாமே. இந்த ஊர்க்காரர் டாம் ஃபின்னியின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். வார்டில் இருக்கும் தாத்தாக்களிடம் பந்து என்று வாயெடுத்தால் போதும், பேச்சு அவரிடம்தான் போய் நிற்கும். 1922-ல் இந்த ஊர் கிளப்பின் டீப்டேல் மைதானத்துக்குப் பக்கத்திலேயே பிறந்தவர், விங்கர், இடது வலது இரண்டு ஓரமும் ஆடுவார். சின்னப் பையனாக இருந்தபோதே பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப் கூப்பிட்டிருக்கிறது. அவருடைய அப்பாவோ, முதலில் பிளம்பிங் வேலையை முழுசாகக் கற்றுக்கொள், அப்புறம் பந்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்படியே நீங்கள் பேசுகிற மாதிரி இல்லை?

நடுவில் போர் வந்து எகிப்து, இத்தாலி என்று பட்டாளத்தில் போய்விட்டதால் முதல் லீக் மேட்ச் ஆடவே 1946 ஆகிவிட்டது, வயது 24. அதிலிருந்து 1960 வரை ஒரே கிளப், லீக்கில் மட்டும் 187 கோல், இங்கிலாந்துக்காக 76 மேட்ச், 30 கோல், நடுவர் ஒரு தடவைகூட எச்சரித்துப் பெயரைக் குறித்ததில்லை. அத்தனை வருஷமும் பிளம்பிங் தொழிலையும் விடவில்லை, 'பிரஸ்டன் பிளம்பர்' என்பதுதான் பட்டப்பெயரே. விடவும் முடியாது, ஏனென்றால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்று அப்போது உச்சவரம்பு இருந்தது, 1952 வாக்கில் 14 பவுண்டு.

அந்த வருஷம்தான் இத்தாலியில் பலெர்மோ கிளப், கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு சம்பளம், வீடு, கார் எல்லாம் தருகிறோம், வாருங்கள் என்றது. இங்கே கிளப் சேர்மன், பிரஸ்டனுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்கும் ஆட முடியாது என்று முடித்துவிட்டார். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு விதியே அப்படி. அவரும் மறுபேச்சில்லாமல் பிரஸ்டனுக்கே தொடர்ந்து ஆடினார். ஊர்க்காரர்கள் இதை அவருடைய விசுவாசம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த சேர்மன் மேல்தான் கோபம் வருகிறது. கூடுதல் சம்பளத்துக்காகக் கடல் தாண்டி வந்தவள் நான், என்னை யாரும் தடுக்கவில்லையே. இத்தனைக்கும் அவர் அந்தக் கிளப்பில் முதல் டிவிஷன் லீக் பட்டமும் வாங்கவில்லை, இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையும் வாங்கவில்லை. 1953-ல் புள்ளிகள் சமமாக இருந்தும், அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்கும் கோல் சராசரியில் ஆர்சனல் கிளப்பிடம் பட்டம் போனது, 1954 கோப்பை இறுதியில் 3-2 என்று தோல்வி. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, அதற்கப்புறம் மேலே வரவே இல்லை.

மைதானத்துக்கு வெளியே சிலை வைத்திருக்கிறார்கள். 1956-ல் செல்ஸீ மைதானத்தில் தேங்கிய மழைத்தண்ணீரில் அவர் சறுக்கிக்கொண்டு போகும் ஃபோட்டோவைப் பார்த்துச் செய்தது, இரண்டு பக்கமும் நிஜத் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. பிளம்பருக்குச் சரியான சிலைதான். நீங்கள் பார்த்தால் முதலில் பைப் எங்கே போகிறது என்றுதான் தேடுவீர்கள்.

அதனால் தம்பியிடம் ஐடிஐயை முடித்தே ஆகவேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் பூட்ஸை எடுத்து ஒளித்து வைத்தீர்களாமே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாவட்ட செலக்‌ஷனுக்கும் போகட்டும், பஸ் செலவுக்கு நான் அனுப்புகிறேன். இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிடுவேன், அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்