விரலில் இருந்த கட்டு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. வழக்கம்போல ஓரத்தை வெட்டிப் பிரித்து, முத்திரை குத்தித்தான் கொடுத்தார்கள். இந்தச் சிறைக்கு வரும் கடிதம், போகும் கடிதம் இரண்டையும் யாராவது ஒருவர் படித்த பிறகுதான் விடுவார்கள். ஆரம்பத்தில் அது மனசை ரொம்ப உறுத்தியது. இப்போது பழகிவிட்டது. வாங்கிய இடத்திலேயே நின்று ஒரு தடவை வேகமாகப் படிப்பேன், கெட்ட செய்தி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அடைத்த பிறகு நிதானமாகப் படிப்பேன். பையில் கடிதம் இருக்கிற பகல் எனக்கு நல்ல பகல்.

"நாள் முழுக்க அங்கே என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறாய். ஏழு வருடத்தில் நீ இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. கேட்டால் எனக்கு வலிக்குமோ என்று இத்தனை நாள் விட்டிருப்பாய். வலிக்கவில்லை கண்ணு, சந்தோஷமாக இருந்தது. சொல்கிறேன்.

விடிந்ததும் முதல் வேலை எண்ணுவது. கதவைத் திறக்கும்போது ஒரு தடவை, அடைக்கும்போது ஒரு தடவை, நடுவில் சில தடவை எண்ணுவார்கள். கணக்கில் ஒரு தலை குறைந்தாலும் அது சரியாகும் வரை யாரும் நகர முடியாது. அப்புறம் வரிசைதான். தண்ணீருக்கு, கழிப்பறைக்கு, சாப்பாட்டுக்கு. வரிசையில் நிற்கத் தெரிந்தவன் இங்கே பாதி பிழைத்துக்கொள்வான். எனக்குப் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை. வேலை இருக்கிற நாள் ஓடிவிடும், விடுமுறை நாள்தான் நகராது. பொழுது சாய்வதற்குள் மறுபடி எண்ணி அடைத்துவிடுவார்கள். இரவில் விளக்கை அணைப்பதில்லை. இருட்டைப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது. துண்டை நாலாக மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பேன். சின்ன வயதில் நீ இருட்டுக்குப் பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாய். அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மற்றதெல்லாம் காத்திருப்பதுதான். மனுவுக்கு, அதாவது வெளியிலிருந்து யாராவது பார்க்க வருவதற்கு, அப்புறம் போனுக்கு, தபாலுக்கு, வாய்தாவுக்கு. மனு வந்திருக்கிறது என்று ஒருவன் பெயரைக் கூப்பிட்டால் பிளாக் முழுக்க அமைதியாகிவிடும். தன் பெயராக இருக்குமோ என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். யாரும் வராதவர்கள்கூட.

போனைப் பற்றி உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நீ இருப்பாய், இந்தப் பக்கம் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். என்னென்ன பேச வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் போவேன். உன் குரலைக் கேட்டதும் கை வியர்த்து எழுத்து கலங்கிவிடும். "நல்லா இருக்கியா?" என்பேன், "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க?" என்பாய். சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறாள், தம்பி படிக்கிறானா என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடியப்போகிறது என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் என்ன பேசினாலும் பாதியில்தான் அறுந்துபோகும். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஏழு வருடம் ஓட்டிவிட்டோம்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன மனுவுக்கு வந்தபோது உன் இடது கை ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருந்தாய். மங்கலான கண்ணாடி வழியாகவும் அது தெரிந்தது. சுற்றிலும் ஆளுக்கு ஆள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். "விரலில் என்னம்மா?" என்று மூன்று தடவை கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்று கையைக் கீழே இறக்கிக்கொண்டாய். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அதற்கப்புறம் இருபத்திரண்டு ராத்திரி அந்த விரல் என்னைத் தூங்கவிடவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி வந்தால் போனை எடுத்துக் கேட்டுவிடலாம், இல்லை அடுத்த வேலை வந்து மறக்கடித்துவிடும். இங்கே அந்த இரண்டும் கிடையாது. யாராவது உன்னை அடித்தார்களா என்று நினைத்தேன். வேலை செய்யும் இடத்தில் ஏதாவது நடந்திருக்குமோ, என்னை வைத்து யாராவது உன்னிடம் வம்பு பண்ணினார்களோ என்று எங்கெங்கோ போய்விட்டேன். கடைசியில் அத்தை எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி: இஸ்திரிப் பெட்டி பட்டுக் கொப்புளமாகிவிட்டது, இப்போது ஆறிவிட்டது என்று. அவ்வளவுதான் விஷயம். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் இப்படித்தான், இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன். "உங்களுக்குச் சொல்லி நீங்க என்ன செய்யப் போறீங்க, வீணா கவலைப்படுவீங்கன்னுதான்" என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. என்னால் எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த நாலு நாளும் நான் பசை காய்ச்சிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

இங்கே நூலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. வகுத்த விதிகள். 1955இல் முதலில் எழுதி, 2015இல் திருத்தி, நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். மொத்தம் 122 விதிகள். குடும்பத்தோடு கடிதத்திலும் நேரிலும் குறிப்பிட்ட இடைவெளிகளில் தொடர்பு கொள்ள விட வேண்டும் என்கிறது 58ஆவது விதி. நெருங்கிய உறவினருக்குக் கடும் நோய் என்றாலோ மரணம் என்றாலோ கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது 70. நான் நோட்டில் எழுதிவைத்திருப்பது 43ஐ. உள்ளே ஒருவன் தப்பு செய்து, அதற்குத் தண்டனை கொடுத்தாலும், குடும்பத்தோடு தொடர்பே கூடாது என்பதைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாதாம். பாதுகாப்புக்கு அவசியம் என்றால் கொஞ்ச காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான்.

இந்த விதிகளுக்கு ஏன் அவர் பெயரை வைத்தார்கள் என்று யோசித்தேன். 27 வருடம் சிறையில் இருந்த மனிதர். ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோன ஆரம்ப வருடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்புதான் கொடுத்தார்கள். 1968இல் அம்மா இறந்தார், அடுத்த வருடமே மூத்த மகன் கார் விபத்தில் இறந்தான். இரண்டு சாவுக்கும் அவரைப் போக விடவில்லை. எழுதிய கடிதங்கள் போய்ச் சேருமோ சேராதோ என்று நோட்டுப் புத்தகங்களில் நகல் எடுத்து வைத்துக்கொள்வாராம். அதைப் படித்ததிலிருந்து நானும் உனக்கு எழுதுவதை நகல் எடுக்கிறேன். இதையும் ஒரு தடவை நோட்டில் எழுதிவிட்டுத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

நான் செய்தது குற்றம். அதற்கான தண்டனை என்னுடையது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுச் செய்தி தெரியக் கூடாது என்று எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை அம்மா. அதை நீங்கள் எனக்கு அன்பினால் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். போதும், விட்டுவிடுங்கள்.

பெரிய செய்தி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த வழியாக வேலைக்குப் போகிறாய், யாரோடு சண்டை போட்டாய், குழாய் ஒழுகினால் யார் வந்து சரிசெய்கிறார்கள், இதையெல்லாம் எழுது. தம்பி உன்னிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அதையும் எழுது. நான் அவனுக்கு ஒரு கடிதம் போடுவேன். அவன் கேட்கிறானோ இல்லையோ, கண்டிக்கிற அப்பனாக ஒரு சாயங்காலம் இருந்துவிட்டுப் போகிறேன். பணக் கஷ்டம் என்றால் அதையும் மறைக்காதே. மாதாமாதம் மனுவுக்கு வந்து போக ஆகிற செலவு பெரிசு என்று எனக்குத் தெரியும். முடியாத மாதம் வராதே. வராவிட்டால் அன்றைக்கு முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்காதே, முன்னாலேயே எழுதிவிட்டால் பார்க்க மாட்டேன். சொல்லாமல் வராமல் இருந்தால்தான் எனக்குத் தாங்காது.

எங்கள் பிளாக்கில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அவர் உள்ளே வந்தபோது பையனுக்கு மூன்று வயது. அவர் மனைவி ஒவ்வொரு வருடமும் பையனின் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து அனுப்புகிறாள். அந்தத் தாள் வந்த அன்றைக்கு அவர் யாரோடும் பேச மாட்டார். பழைய தாள்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றின் மேலும் தன் உள்ளங்கையை வைத்து, விரல் நுனி எங்கே வரைக்கும் வருகிறது என்று பார்ப்பார். போன வாரம் ஆறாவது தாள் வந்தது. "கட்டை விரல் என்னுது மாதிரியே கோணலா இருக்குல்ல?" என்று என்னிடம் காட்டினார். இருந்தது.

உனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது, கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் உன் இடது கையை வைத்து ஒரு கோடு இழுத்து அனுப்பு. சுட்ட இடம் எது என்று அந்த விரலில் ஒரு புள்ளி வை. பென்சில் வேண்டாம், மடிப்பில் தேய்ந்து அழிந்துவிடும். பேனாவிலேயே வரை.

அன்புடன்,
அப்பா