வரலாற்றுக்கும் ஒரு சனிக்கிழமை கொடுங்கள்: வர்ஜீனியா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு வர்ஜீனியாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அனைவருக்கும்,

வணக்கம். கணக்குக்குத் தனி வகுப்பு, அபாகஸ், ஸ்பெல்லிங் போட்டி, பாட்டு, தமிழ்ப்பள்ளி என்று வாரம் முழுக்க ஓடுகிற நம் வீடுகளில் வரலாறு மட்டும் தேர்வுக்கு முந்தின ராத்திரி சமாச்சாரமாகிவிட்டது. வர்ஜீனியா வரலாறு பாடம் வரும்போது வாட்ஸப் குழுவில் எழும் ஒரே கேள்வி, "யார்கிட்டயாவது ஸ்டடி கைடு இருக்கா?" பிள்ளை அதை உருப்போட்டு எஸ்.ஓ.எல். என்ற மாநிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறது. ஜூன் மாதம் கேட்டுப் பாருங்கள். 1607 என்ற எண் ஞாபகம் இருக்கும், அந்த வருஷம் என்ன நடந்தது என்பது இருக்காது.

"நாங்களே படிக்காததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயம்தான், நாம் படித்தது சோழர்களும் பானிபட்டும். ஆனால் நீங்கள் பாடம் நடத்தவே வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து, உங்களுக்கும் விடை தெரியாத கேள்வியைக் கேட்டால் போதும்.

போக்கஹாண்டஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பூர்வகுடித் தலைவர் பவ்ஹாட்டனின் ஆட்கள், இங்கிலாந்திலிருந்து குடியேற வந்த ஜான் ஸ்மித்தைக் கொல்லப் போனபோது, தலைவரின் மகள் போக்கஹாண்டஸ் குறுக்கே விழுந்து காப்பாற்றினாள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஸ்மித் சிறைபிடிக்கப்பட்டது 1607 டிசம்பரில். அடுத்த வருஷமே லண்டனில் அச்சான அவருடைய குறிப்பில் இந்தச் சம்பவம் கிடையாது. பவ்ஹாட்டன் தன்னை நன்றாக உபசரித்தார் என்றுதான் எழுதியிருக்கிறார். காப்பாற்றிய கதை விரிவாக வருவது 1624இல் வெளியான அவருடைய பெரிய நூலில். அதற்குள் போக்கஹாண்டஸ் இறந்து 7 வருஷம் ஆகியிருந்தது. ஸ்மித்தைச் சந்தித்தபோது அவளுக்கு ஏறக்குறைய 11 வயது. இந்த இரண்டு எழுத்தையும் பிள்ளை முன்னால் வைத்து, "ஒரே ஆள் ஏன் ரெண்டு விதமா எழுதினார்?" என்று கேளுங்கள். பொய் சொன்னாரா, முதலில் எழுத விட்டுப்போனதா, நடந்தது ஏதோ சடங்கு, அது அவருக்குப் புரியவில்லையா? அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகாத கேள்வி இது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை இதில் அரை மணி நேரம் வாதாடும்.

1607இல் ஆங்கிலேயர் வந்து குடியேறிக் கட்டிய ஜேம்ஸ்டவுன் கோட்டையை அட்டையில் செய்துவரச் சொல்வார்கள் பாருங்கள், அதுவும் அப்படித்தான். நம் வீடுகளில் அதைச் செய்பவர் அப்பா, நேரம் இரவு பதினொன்று. தயவுசெய்து பசைத் துப்பாக்கியைப் பிள்ளையிடம் கொடுங்கள். கோணலாக வந்தால் வரட்டும். நீங்கள் கேட்க வேண்டியது, கோட்டை ஏன் முக்கோணமாக இருந்தது, மூன்று மூலையிலும் பீரங்கி வைத்தது யாருக்குப் பயந்து, 104 ஆண்களும் சிறுவர்களும் வந்து இறங்கிய இடம் அதற்கு முன் யாருடையது. அந்தக் கோட்டை ஆற்றோடு போய்விட்டது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். 1994இல் தொடங்கிய அகழாய்வில் கம்பங்கள் நட்ட தடம் மண்ணிலேயே கிடைத்தது. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் சாப்பிட்டுப் போட்ட குதிரை, நாய் எலும்புகளும் கிடைத்தன. ஸ்டடி கைடில் அந்தப் பஞ்சத்துக்கு ஒரே ஒரு வரிதான்.

அப்புறம் 1619. அடிமைத்தனம் பற்றிய பாடம் வந்ததும், "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று நம்மில் சிலர் பேச்சை மாற்றிவிடுகிறோம். பள்ளியில் அது எப்படியும் காதில் விழும், வீட்டில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்து சொல்வது நல்லது. அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில், இன்றைய ஹாம்ப்டன் நகரத்தில் இருக்கும் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் ஒரு கப்பல் 'இருபது சொச்சம்' ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து உணவுப்பொருளுக்கு மாற்றிக்கொண்டது. அப்படி எழுதிவைத்தவர் ஜான் ரால்ஃப், போக்கஹாண்டஸின் கணவர். எத்தனை பேர் என்றுகூடச் சரியாக எண்ணவில்லை. 1625 கணக்கெடுப்பில் ஜேம்ஸ்டவுனில் ஒரு வீட்டில் ஏஞ்சலா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணின் பெயர் இருக்கிறது. பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். 1635இல் ஒரு வணிகர், ஆள் கொண்டுவந்ததற்குப் பதிலாக நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்றும் ஒருவர் இருக்கிறார். ஊர் பெயர் இல்லை. நம் பக்கத்து ஆள்தான் என்று உரிமை கொண்டாட ஆதாரம் போதாது, ஆனால் பிள்ளைகள் அந்த வரியில் கட்டாயம் நிற்பார்கள்.

நம் ஊரோடு உறுதியான தொடர்பு வேண்டும் என்றால், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை தோற்ற யார்க்டவுன் இருக்கிறது. 1781 அக்டோபர் 19 அன்று அங்கே சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளைக் கொடுக்கத் தனக்கு அடுத்த நிலையில் இருந்தவரை அனுப்பினார். அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் அவர் கதை அத்தோடு முடிகிறது. நமக்கு முடியவில்லை. 1786இல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்த அதே மனிதர்தான் 1792இல் திப்புவைப் பணியவைத்து, சேலம் பகுதியையும் திண்டுக்கல்லையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சேர்த்தவர். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது, பீடத்தில் திப்புவின் மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மால்களோடு அதையும் ஒரு நடை பார்த்துவாருங்கள். பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கடலில் கொட்டியதும் அதே கம்பெனியின் தேயிலைதான். நம் ஊர்த் தேயிலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது சீனத் தேயிலை.

ஆசிரியர்களிடம் பேசும்போது மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், எந்த மாதம் எந்தப் பாடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணைக்கு ஆள் கேட்டுத் தாள் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பட்டியலில் நம் பெயர்கள் அரிதாகவே இருக்கின்றன.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சில குடும்பங்கள் சேர்ந்து ஜேம்ஸ்டவுன் போகிறோம். அங்கே இரண்டு இடங்கள், இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு, போனவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். மாதிரிக் கப்பல்களில் ஏறிப் பார்ப்பது ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட். உண்மையான கோட்டையும் அகழாய்வும் இருப்பது தீவில், அதன் பெயர் ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன். நாங்கள் காலையில் தீவு, மதியம் கப்பல் என்று வைத்திருக்கிறோம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துவருகிறோம். வர விருப்பமுள்ளவர்கள் பிள்ளையின் வகுப்பையும் காரில் எத்தனை இடம் காலி என்பதையும் குழுவில் போடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு பெற்றோர்