உன் புட்டர் என்னிடம்தான் இருக்கிறது

மதுரை,
ஆனி 28.

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாய் இருப்பாய் என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. உன் மனைவியைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அவள் கண்ணை மூடி வருகிற ஆவணியோடு ஒரு வருடம் ஆகிறது. போனில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீ பேசுவதில்லை. "சாப்டியா, தூங்குனியா" என்று நான் கேட்க, "ம்" என்று நீ சொல்ல, அதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் போனை வைக்கப்போகும் நேரத்தில் ஒன்று கேட்டாய். "மறுபடி கோல்ஃப் ஆடணும்னா இப்ப எவ்வளவுடா ஆகும்?" நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். இந்த ஒரு வருடத்தில் நீயாக ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது. அதை அப்படியே விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை.

முதலில் ஒரு செய்தி, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அந்தக் கடைசித் தடியைப் பற்றி. உன் புட்டர் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் கோவைப் பக்கம் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் கடைசியாக ஆடிய அன்று மழை பிடித்துக்கொண்டதே, கையில் கிடைத்ததையெல்லாம் என் பையில் திணித்துக்கொண்டு ஓடினோமே, அதில் வந்துவிட்டது. அடுத்த மாதமே அப்பாவுக்கு முடியாமல் போய், மில் வேலையை விட்டு நான் மதுரைக்கு வந்துவிட்டேன். பை பரணுக்குப் போனது. பதினாறு வருடம். பங்குனியில் அப்பாவின் முதல் திவசம் முடிந்து மாடி அறையை ஒழித்தபோதுதான் இறக்கினேன்.

ஜிப்பைத் திறந்ததும் ஒரு வாடை. கைப்பிடியில் போடும் கிரிப் ரப்பர் எல்லாம் வெயிலில் கிடந்த சைக்கிள் டயர் மாதிரி இறுகிப்போய், தொட்டால் விரலில் கறுப்பாய் மாவு ஒட்டியது. எங்கள் மாடி அறையின் சித்திரைச் சூடு உனக்குத் தெரியும். தடியின் தலையையும் ஷாஃப்ட் என்கிற தண்டையும் பிடித்திருக்கும் பசை அந்தச் சூட்டில் வருடக்கணக்காக வெந்திருக்கிறது. அது தெரியாமல், அழகர்கோவில் ரோட்டில் மைத்துனர் தோப்புக்குக் கொண்டுபோய் ஐந்தாம் நம்பர் ஐயனை, அந்த இரும்புத் தலைத் தடியை, ஒரு வீச்சு வீசினேன். தலை தனியாகக் கழன்று பறந்து தென்னைமரத்தில் மோதி விழுந்தது. தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பையன் பத்தடி தள்ளி நின்றான். இன்னும் அதை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உன் பழைய செட் உன் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு தலையையும் துணியால் பிடித்துத் திருகிப் பார். கொஞ்சம் அசைந்தாலும் வீசாதே.

மிச்சமிருந்தவற்றை வைத்து ஒரு மாதம் முயன்றேன். பந்து தாழ்வாகவே போனது, போன பந்தெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கியது. என் கைதான் மறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் யோசித்தேன். முப்பத்தாறு வயதில், தறிக்கு நடுவே நாள் முழுக்க நின்றும் சோராத உடம்போடு இருந்தபோது வாங்கிய செட் அது. ஸ்டிஃப் என்று முத்திரை குத்திய கனமான ஸ்டீல் ஷாஃப்ட், கத்தி மாதிரி மெல்லிய தலை. இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. வலது முழங்கால் படியேறும்போது பேசுகிறது. வீச்சு வேகம் குறைந்த கைக்கு அந்த ஷாஃப்ட் வளைந்தே கொடுக்காது. மாப்ளே, நான் உனக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான். செட்டிபாளையத்தில் ஆடிய அந்த ஆளுக்கு எதையும் வாங்காதே. இன்றைக்கு உன் வீட்டுக் கண்ணாடியில் தெரிகிற ஆளுக்கு வாங்கு. பணத்தை மிச்சப்படுத்தும் வழியும் அதுதான். ஏனென்றால், நமக்கு இப்போது பொருந்துகிற செட்டெல்லாம் பழசாகவே நன்றாகக் கிடைக்கிறது.

நான் வாங்கிய கணக்கைச் சொல்கிறேன். ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐயன், கிட்டத்தில் அடிக்கும் பிட்சிங் வெட்ஜ், மணலிலிருந்து எடுக்கும் சாண்ட் வெட்ஜ், எல்லாம் கிராஃபைட் ஷாஃப்ட், ஏழெட்டு வருடப் பழசு. உங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் 17,000 ரூபாய்க்கு வந்தது. தூரம் அடிக்கும் பருத்த தலை வுட்டில் ஐந்தாம் நம்பர் 3,500, வுட்டுக்கும் ஐயனுக்கும் நடுவான ஹைப்ரிட் ஒன்று 3,000. இந்த ஒன்பதுக்கும் புது கிரிப், ஒன்று 350 வீதம் 3,150. ஷூ 3,200. ஆக மொத்தம் முப்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. புது செட்டுக்கு ஒரு கடையில் சொன்ன விலை இதைப்போல நான்கு மடங்கு.

இதில் சேராத ஒரு 4,500 ரூபாயும் உண்டு. அது போன கதையையும் சொல்லிவிடுகிறேன், நீயும் அப்படி ஏமாறக்கூடாது. போனில் படம் பார்த்து, முதல் அடிக்கான நீளத் தடி டிரைவர், அதுவும் பெரிய கம்பெனி டைட்டானியம் என்று நம்பி, முன்பணம் அனுப்பி வாங்கினேன். வந்ததும் பளபளவென்று இருந்தது. அடித்தால் தகர டப்பாவைத் தட்டிய சத்தம். பேத்தி ஃப்ரிட்ஜில் ஒட்டி விளையாடும் காந்தத்தை எடுத்துத் தலையில் வைத்தேன். சப்பென்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. அடியில் இருக்கும் எடைத் திருகில் ஒட்டினால் சரி, உடலிலேயே ஒட்டினால் அது இரும்பு. விற்றவன் போனை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து நேரில் பார்க்காமல், கையில் பிடிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

நேரில் பார்க்கும்போது நான் செய்வது இதுதான். தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஷாஃப்ட் வளையாமல் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஸ்டீல் என்றால், தலையோடு சேரும் இடத்தில் துருப் புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவேன், கடற்கரை ஊர்களிலிருந்து வருவதில் அது நிறைய. கிராஃபைட் என்றால், பையில் உரசி உரசிப் பெயிண்டுக்குக் கீழே நார் தெரிகிறதா என்று பார்ப்பேன். வெட்ஜில் பந்து படும் முகத்தில் இருக்கும் வரிப்பள்ளத்தில் நகம் மாட்ட வேண்டும், வழுக்கினால் தேய்ந்துபோனது. கிரிப் பழசானதைப் பற்றிக் கவலைப்படாதே. அதைக் காட்டியே ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்கலாம்.

ஏனென்றால் கிரிப் மாற்றுவதை நாமே செய்யலாம். கட்டர் பிளேடால் பழசை நீளவாக்கில் கீறி உரித்துவிடு. காய்ந்துபோன டேப்பைச் சூடு காட்டிச் சுரண்டி எடுக்கத்தான் பொறுமை வேண்டும். புது இருபக்க டேப்பை ஒட்டி, புது கிரிப்புக்குள் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேலும் வழியவிட்டு, ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு கோணலாய்ப் போயின. மூன்றாவது நேராக உட்கார்ந்தபோது, மொட்டைமாடியில் தனியாக நின்று சிரித்தேன். அப்பா போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

மாப்ளே, நீ மெயின்டனன்ஸ் ஆள், உனக்கு இது பிடிக்கும். கோல்ஃப் தடி செய்யும் பிங் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். தன் புட்டர் சரியாக அமையவில்லை என்று 1959-இல் வீட்டு கராஜில் தானே ஒன்று செய்தார். எடையை நடுவில் குவிக்காமல் தலையின் இரு ஓரத்துக்கும் தள்ளிவைத்தார். நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பிக்கொள்ளாது. ஐயனில் பின்பக்கம் குடைந்துவிட்டு ஓரத்தில் எடை வைக்கிறார்களே, அதுவும் இதே கணக்குத்தான். நம் வயதில் பத்து அடியில் நாலு நடுவில் பட்டாலே பெரிது. அதனால் பின்பக்கம் குடைந்த ஐயன்தான் நமக்கு. அந்தக் காலத்தில் "அது கத்துக்குட்டிகளுக்கு" என்று நாம் ஒதுக்கியது தப்பு.

ஒரு விஷயத்தில் நீ கவனமாய் இருக்க வேண்டும். நம்பர் பழைய நம்பர் இல்லை. என் பழைய ஏழாம் நம்பரின் முகச் சாய்வு 35 டிகிரி. இப்போது வாங்கியதில் அதே ஏழு 30 டிகிரிதான். பந்து தூரம் போகிறதே என்று முதல் நாள் பூரித்துப்போனேன், அது சாய்வு குறைந்ததன் வேலை என்று பிறகுதான் புரிந்தது. பிட்சிங் வெட்ஜும் 48-லிருந்து 44-க்கு இறங்கிவிட்டது, சாண்ட் வெட்ஜ் மட்டும் அதே 56. நடுவில் ஒரு பெரிய இடைவெளி. குழிக்கு எண்பது கெஜத்தில் நின்றால் எதை எடுப்பது என்று தெரியாது. 50 டிகிரியில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீ இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்கினால் நம்பரைக் கேட்காதே, டிகிரியைக் கேள்.

டிரைவர் வேண்டவே வேண்டாம், இந்த வருடத்துக்காவது. விலை அதிகம், நீளம் அதிகம், கோபமும் அதிகம். ஐந்தாம் நம்பர் வுட் போதும். பையில் பதினான்குக்கு மேல் வைக்கக்கூடாது என்றுதான் விதி, குறைந்தது இத்தனை வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் ஏழுதான் தூக்கிப் போகிறேன்: ஐந்தாம் நம்பர் வுட், ஹைப்ரிட், ஏழு, ஒன்பது, இரண்டு வெட்ஜ், புட்டர். மற்றதெல்லாம் வீட்டில். தோளுக்கும் முழங்காலுக்கும் அது எவ்வளவு நிம்மதி என்று கொடைக்கானலில் தெரிந்தது.

ஆமாம், கொடைக்கானல் போனேன், இரண்டு தடவை. தினக் கட்டணம் கட்டி ஆடினேன். 1895-இல் தொடங்கிய கிளப் அது. காலை ஆறரைக்கு ஃபேர்வே புல்வெளியில் பனி முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. நான்காவதோ ஐந்தாவதோ ஹோலில் காட்டெருமை மூன்று, புல்லை மேய்ந்துகொண்டு நகராமல் நின்றன. பை தூக்கி வந்த கேடிப் பையன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். கால்மணி நேரம் மரத்தடியில் நின்றோம். அவை மெதுவாக இறங்கிப் போன பிறகு, ஈரப் புல்லில் குளம்பு பதிந்த தடத்துக்கு நடுவே என் பந்து. ஏழாம் நம்பரைத்தான் எடுத்தேன். சரியாகப் பட்டது மாப்ளே. கையில் ஒன்றுமே தெரியவில்லை, சத்தம் மட்டும். பந்து எழும்பி, பள்ளத்தைத் தாண்டி, குழி இருக்கும் கிரீனில் விழுந்தது. அந்த நிமிடம் திரும்பிப் பார்த்தேன். பழைய பழக்கம், நீ நிற்பாய் என்று.

சரி, நீ செய்ய வேண்டியது இரண்டுதான். ஷூ போட்டு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை உன் மகனை டேப் வைத்து அளக்கச் சொல். அதையும் உன் உயரத்தையும் எனக்கு எழுது. நீ என்னைவிட நெட்டை. என் நீளத்துக்கு வாங்கினால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். இன்னொன்று, பந்து ஒன்றில் தடித்த மார்க்கரால் கோடு போட்டு, கோடு நிமிர்ந்து நிற்கிறமாதிரி வைத்து, யாருடைய ஏழாம் நம்பராலாவது அடித்துப் பார். முகத்தில் பதிகிற மை நேராக நிற்கிறதா, சாய்கிறதா என்று படம் எடுத்து அனுப்பு. தலையின் கோணம் உனக்குச் சேருமா என்று அதில் தெரிந்துவிடும். கோவை டாக்டரிடம் இன்னொரு செட் இருக்கிறது, என்னுடையதைவிட அரை அங்குலம் நீளம். உன் அளவு வரும்வரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம்.

புதுப் பந்து வாங்காதே. பொறுக்கிக் கழுவி விற்கிற பந்தே இப்போதைக்குப் போதும். கொடைக்கானல் பள்ளத்தில் எப்படியும் நாலைந்து போகும்.

தங்கச்சி திவசம் முடியட்டும். அதற்கு நானும் என் வீட்டுக்காரியும் வருகிறோம், கேட்க வேண்டியதில்லை. அது முடிந்து அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீ பழனி வழியாக ஏறு, நான் வத்தலகுண்டு வழியாக வருகிறேன். இரண்டு ரோடும் சேருகிற பெருமாள்மலையில் காலை பத்து மணிக்கு டீக்கடையில் இருப்பேன். வண்டிக்கு மலையேற இ-பாஸ் எடுத்துவிடச் சொல் மகனிடம், அது இல்லாமல் மேலே விடமாட்டார்கள். ஸ்வெட்டர் மறக்காதே.

உன் புட்டருக்குப் புது கிரிப் போட்டுவிட்டேன். பழைய கிரிப்பை உரித்தபோது, உள்ளே டேப் மேல் பால்பாயின்ட் பேனாவில் உன் பெயரும் அதற்குப் பக்கத்தில் தங்கச்சி பெயரும் எழுதியிருந்தது. கலியாணமான புதிதில் எழுதியிருப்பாய் போல. அந்த டேப்பைக் கிழிக்க மனம் வரவில்லை. அதன் மேலேயே புது டேப்பைச் சுற்றி கிரிப்பை ஏற்றியிருக்கிறேன். பிடி கொஞ்சம் தடிமனாகத் தெரியும்.

அன்புடன்,
உன் மாப்ளே