அறைக்குள் கரிநெருப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் நாளிதழ்களில் உதகையின் உறைபனிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். தலைகுந்தாவின் புல்வெளி உப்பளம்போல் வெளுத்துக் கிடப்பதையும், காரின் கூரையில் படிந்த பனியை யாரோ நகத்தால் சுரண்டிக் காட்டுவதையும் தங்கள் இதழில் பார்த்துவிட்டுத்தான், பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை என் கணவரும் நானும் திருப்பூரிலிருந்து கிளம்பினோம். திருமணமாகி 26 ஆண்டுகளில் பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் சென்ற முதல் பயணம் அது என்பதால், தெர்மாஸ் குடுவை முதல் குரங்குக் குல்லாய் வரை எல்லாவற்றையும் ஒரு வாரமாகவே எடுத்து வைத்திருந்தேன்.

ஊருக்குச் சற்று வெளியே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த ஒரு காட்டேஜில் தங்கினோம். பகலெல்லாம் நல்ல வெயில். மாலை ஐந்தரை மணிக்குமேல் குளிர் கால்விரல் வழியாக ஏறத் தொடங்கியது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை, காற்றும் அசையவில்லை. அப்படிப்பட்ட இரவுகளில்தான் நிலம் தன் சூட்டை முழுவதுமாக வெளியே விட்டுவிடும் என்றும், குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால் உயரமான தொட்டபெட்டாவைவிடத் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி அடர்த்தியாக விழும் என்றும், தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் விளக்கினார். கருகப் போகும் தேயிலையை எண்ணி அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நாங்களோ அந்தப் பனிக்காகத்தான் காத்திருந்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்கு விடுதிப் பையன் ஓர் இரும்புச் சட்டியில் கனன்றுகொண்டிருந்த கரியைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்து, "கதவை நல்லா சாத்திக்குங்கம்மா, அப்பத்தான் சூடு நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அன்பாகத்தான் செய்தான். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்ததும் நான்தான். பச்சைக் குழந்தைக்குத் தூபக்காலில் சாம்பிராணி போட்டு வளர்த்த கைக்கு, கரிநெருப்பு ஆபத்தானது என்ற எண்ணமே தோன்றவில்லை. புகை இல்லை, நாற்றம் இல்லை, பிறகென்ன பயம் என்று படுத்துவிட்டோம்.

ஒரு மணியளவில் கழிவறைக்குப் போக எழுந்த என் கணவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தலை வெடிப்பதுபோல் வலித்தது, குமட்டியது. மலைப்பாதை வளைவுகளும் இரவு உண்ட பரோட்டாவும்தான் காரணம் என்று நினைத்தேன். வாந்தி வருகிறது என்று அவர் தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்ததால்தான் இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஆறரை மணிக்கு எதிர்ச்சரிவு முழுவதும் வெள்ளையாக இருந்தது. பார்க்கத்தான் இருவருக்கும் தெம்பில்லை.

காலையில் எங்களுக்கு ஆக்சிஜன் வைத்த மருத்துவர் சொன்னது இதுதான்: கரி நன்றாகப் பற்றிச் செந்தணலான பிறகு புகை நின்றுவிடும், ஆனால் கார்பன் மோனாக்சைடு நிற்காது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலே போய்விடுகிறார். கொடைக்கானலில் கோழி வாட்டிய கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இளைஞர்கள் இறந்த செய்தி 2024-ஆம் ஆண்டு நாளிதழ்களில் வந்ததே. அதை நானும் படித்தேன். பார்பிக்யூ அடுப்புதான் ஆபத்து என்று மனத்தில் பதிந்ததே தவிர, குளிர்காயும் சட்டிக்கும் அதே விதிதான் என்று உறைக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களில் கணப்பு இருந்தது என்றால், அதற்குமேல் புகைபோக்கியும் இருந்தது. கண்ணாடியும் டைல்ஸுமாக இடுக்கின்றி அடைத்துக் கட்டப்படும் இன்றைய அறைகளில் புகைபோக்கி ஏது? ஆகவே, தங்கும் அறைக்குள் கரிச்சட்டி வைப்பதை நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்கள் வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும். மின் ஹீட்டரையோ கூடுதல் கம்பளியையோ தருவது விடுதிகளின் கடமையாக இருக்கட்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல், வெளியூர் வாகனத்தில் மலையேறும் எங்களைப் போன்றோர் வண்டி எண்ணையும் வருவோர் எண்ணிக்கையையும் பதிந்துதான் இ-பாஸ் பெறுகிறோம். அந்தப் பாஸிலேயே இந்த எச்சரிக்கையைத் தமிழில் அச்சிடுவதற்குப் புதிதாகச் செலவொன்றும் ஆகப்போவதில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் மார்கழியில் தலைகுந்தாவின் வெண்பனிப் படத்தை வெளியிடும்போது, அதன் கீழேயே கரிச்சட்டியைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருப்பூர்.